கொழும்பில இருந்து தமிழ்நாட்டுக்கு ஒன்லைனில புக் பண்றது: எது முதல், எது கடைசி

இது சென்னை, திருச்சி, மதுரைப் பக்கம் குடும்பமா போறவைக்கு எழுதுறது. ஏஜென்ட் இல்லாம எல்லாத்தையும் நீங்களே போனிலயோ லெப்டொப்பிலயோ செய்யப்போறீங்கள் எண்டு வச்சுக்கொண்டு சொல்றன். வெள்ளவத்தையில எங்கட ஒழுங்கையில கன பேருக்குப் பக்கத்தில இருந்து புக் பண்ணிக் குடுத்திருக்கிறன், அதில கண்டது என்னெண்டால் தனித்தனியா ஒவ்வொரு வேலையும் லேசு, ஆனா ஆக்கள் அதை முன்னுக்குப் பின்னா செய்யினம். மலிவு டிக்கெட் ஒண்டு கண்ணில பட்டவுடன காசக் கட்டுறது, பிறகு பாஸ்போர்ட்டத் தேடுறது, பிறகு விசா, எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அந்தக் கிழமை அம்மாவுக்கு கிளினிக் எண்டு தெரியவரும்.

அதால கீழ இருக்கிற ஓடரைத் தயவுசெய்து மாத்தாதேங்கோ. கன்சல் பண்ணலாம் எண்டதை முதல்ல, திரும்பி வராத காசை எவ்வளவு பிந்த முடியுமோ அவ்வளவு பிந்தி. விசா மட்டும் இதுக்கு விதிவிலக்கு, ஏனெண்டு அந்த இடத்தில சொல்றன்.

1. சைட்டைத் திறக்க முதல் மேசையில இருக்கவேண்டியது

போற எல்லாற்ற பாஸ்போர்ட்டும், ஒரிஜினல். வட்ஸ்அப்பில தம்பி அனுப்பின மங்கல் படம் இல்ல. இந்தியாவுக்குள்ள போற நாளில இருந்து குறைஞ்சது 6 மாசம் செல்லுபடியாகவேணும், ரெண்டு பக்கமாவது வெறுமையா இருக்கவேணும். இல்லையெண்டால் முதல்ல பத்தரமுல்லைக்குப் போற அலுவலைப் பாருங்கோ, ஏனெண்டால் இ-விசா பாஸ்போர்ட் நம்பரோட கட்டுப்பட்டது, பழைய நம்பரில விசா எடுத்துப்போட்டு புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் வீண் தலையிடி.

ஒரே ஒரு ஈமெயில், ஒரே ஒரு போன் நம்பர். டிக்கெட்டுக்கு மகன்ர ஈமெயில், ஹோட்டலுக்கு உங்கட ஈமெயில், விசாவுக்கு மருமகளின்ர எண்டு குடுத்தால் கடைசி நேரத்தில எது எங்க வந்து கிடக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

கார்ட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில இருக்கவேணும். ஓடீபீ அவற்ற போனுக்குத்தான் வரும். அவர் கோட்டையில ஒஃபீஸ் மீட்டிங்கில இருக்க, வீட்டில இருந்து நீங்கள் கோல் எடுத்து கோல் எடுத்துப் பாத்து ஓடீபீ காலாவதியாகி, திரும்ப முதல்ல இருந்து தொடங்கி, அதுக்குள்ள விலையும் ஏறி... இது நான் அடிக்கடி காணுற கூத்து.

விசாவுக்கு ரெண்டு ஃபைல் ரெடியா வையுங்கோ. ஒண்டு உங்கட படம்: சதுரமா, வெளிர் நிறப் பின்னணி, ஜேபெக், 10 கேபிக்குக் குறையாம 1 எம்பிக்குக் கூடாம. மற்றது பாஸ்போர்ட்டில படம் இருக்கிற பக்கத்தின்ர பீடிஎஃப், 300 கேபிக்குள்ள. போனால எடுத்த ஸ்கான் அநேகமா 2, 3 எம்பி வரும், ஃபோமைப் பாதி நிரப்பிப்போட்டு அந்த நேரத்தில அதைச் சின்னனாக்க ஓடித் திரியிறதிலதான் செஷன் அறுந்துபோறது.

2. பேரை ஒருக்கா எழுதிவச்சு, பிறகு அதைப் பாத்துத்தான் அடிக்கவேணும்

பிழை விடுற இடங்களில முதலாவது இதுதான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன்.

எங்கட ஆக்களுக்கு அப்பாவின்ர பேர் ஒரு இனிஷியலா முன்னுக்கு நிக்கும், கலியாணத்துக்குப் பிறகு புருஷன்ர பேர் பின்னுக்கு வரும், வீட்டில கூப்பிடுற பேர் வேற, பேங்க் கார்ட்டில வேற. பாஸ்போர்ட்டில சர்நேம் எண்டு ஒரு கட்டம், அதர் நேம்ஸ் எண்டு ஒரு கட்டம். ஏர்லைன் ஃபோமில கேக்கிறது ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். அதர் நேம்ஸில இருக்கிறது முழுக்க ஃபர்ஸ்ட் நேமுக்குப் போகவேணும், சர்நேம் லாஸ்ட் நேமுக்கு. சனம் என்ன செய்யுதெண்டால், முதல்ல எழுதியிருக்கிறதுதானே ஃபர்ஸ்ட் எண்டு சர்நேமைத் தூக்கி ஃபர்ஸ்ட் நேமில போட்டுடும்.

சந்தேகமெண்டால் படம் இருக்கிற பக்கத்தில ஆக அடியில குறுணி எழுத்தில ரெண்டு வரி கிடக்கும், அம்புக்குறி மாதிரி அடையாளங்களோட. அதில மேல் வரியைப் பாருங்கோ. எல்கேஏ எண்ட மூண்டு எழுத்துக்குப் பிறகு வாறது சர்நேம், அதுக்குப் பிறகு ரெண்டு அம்புக்குறி, பிறகு மற்றப் பேர்கள். எயார்போர்ட்டில மெஷின் வாசிக்கிறது இந்த வரியைத்தான். ஆனா அந்த வரிக்கு 44 எழுத்துத்தான் இடம், பேர் ஆக நீளமெண்டால் வெட்டுப்பட்டிருக்கும், எழுத்துக்கூட்டலை மேல கட்டத்தில இருந்து எடுங்கோ.

சர்நேம் கட்டம் வெறுமையா இருக்கிறவையும் இருக்கினம். அவைக்கு ஒவ்வொரு ஏர்லைனுக்கும் ஒவ்வொரு ரூல், அவையின்ர உதவிப் பக்கத்தில பாத்துப்போட்டு அதின்படி செய்யுங்கோ, ஊகிக்காதேங்கோ.

இன்னும் மூண்டு. பிரவுசர் தானா நிரப்புற ஓட்டோஃபில்லை நிப்பாட்டுங்கோ, அது அஞ்சு பேருக்கும் உங்கட பிறந்த திகதியையே போட்டுவிடும். பாஸ்போர்ட் நம்பரில முதல் எழுத்தைத் தவிர மிச்சம் எல்லாம் இலக்கம், அதால வட்டமா தெரியிறது சைபர்தான், ஓ இல்ல. சில சைட்டில மாசம் முன்னுக்கு, நாள் பின்னுக்கு, 05/08 எண்டு அடிக்க முதல் எது எதெண்டு பாருங்கோ.

ஏன் இவ்வளவு கரைச்சல் எண்டால், ஒரு எழுத்துப் பிழையைச் சில ஏர்லைன் போனில கதைச்சால் திருத்தித் தரும், ஆனா பேரை முழுசா மாத்துறது புது டிக்கெட் எடுக்கிறதுக்குச் சமன். விசாவில பிழை விட்டால் அந்தக் காசு போனதுதான்.

3. திகதி

ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் ஸ்கூல் லீவுகளில விலை ஏறும், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாம மாட்டுறது மற்றதுகளில: கார்த்திகையில இருந்து தை மகரஜோதி மட்டும் ஐயப்ப சாமிமார் போற காலம், ஓகஸ்ட் 29 தொடக்கம் செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணித் திருவிழா. நீங்கள் அங்க போகாட்டியும் அந்தப் பிளேனிலயும் ரயிலிலயும் சீட் பிடிபடும்.

வீட்டில எல்லாரும் ஓம் எண்டு சொன்ன ரெண்டு திகதிச் செட் எடுத்துக்கொள்ளுங்கோ. ஒண்டு மட்டும் வச்சுக்கொண்டு தேடினால் என்ன விலை எண்டாலும் கட்டத்தான் வேண்டிவரும்.

4. ஹோட்டல், ஆனா கன்சல் பண்ணக்கூடியது மட்டும்

பிளேனுக்கு முதல் ஹோட்டலா எண்டு எல்லாரும் கேக்கினம். காரணம் இருக்கு. விசா ஃபோமில இந்தியாவில ஒரு ரெஃபரன்ஸ், அதாவது பேர், அட்ரஸ், போன் நம்பர் கேப்பாங்கள். சொந்தக்காரர் இல்லாதவைக்கு ஹோட்டல்தான் அது. ஃப்ரீ கன்சலேஷன் இருக்கிற ரூம் எண்டால் பிறகு திகதி மாறினாலும் நட்டமில்ல.

அதே ரூமில ரெண்டு விலை காட்டும். குறைஞ்சது பெரும்பாலும் கன்சல் பண்ண ஏலாதது. இந்தக் கட்டத்தில அதைத் தொடாதேங்கோ. கன்சல் பண்றதுக்குக் கடைசி நாள் எதெண்டு பாத்து அதுக்கு ரெண்டு நாள் முதல் போனில அலாரம் வையுங்கோ. முதல் பக்கத்தில காட்டுற விலையில அநேகமா வரி சேராது, கடைசிப் பக்கத்து மொத்தத்தைத்தான் ஒப்பிடவேணும்.

இனி முக்கியமான ஒண்டு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் அந்த ஹோட்டல் 24 மணித்தியாலத்துக்குள்ள அவையின்ர விபரத்தோட ஒரு ஃபோமை இமிக்ரேஷனுக்கு ஒன்லைனில அனுப்பவேணும். அந்தக் கரைச்சல் வேண்டாமெண்டு சின்ன லொட்ஜுகள் வெளிநாட்டுக்காரரை எடுக்கிறேல்ல. நாங்கள் தமிழ்தானே, கதைச்சுச் சமாளிக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ, அவைக்கு நாங்களும் வெளிநாட்டுக்காரர்தான். புக்கிங் சைட் இதை உங்களுக்குச் சொல்லும் எண்டு நம்பேலாது. புக் பண்ணின அண்டைக்கே ஹோட்டலுக்கு ஒரு கோல் எடுத்து, அண்ணா நாங்கள் ஸ்ரீலங்கா பாஸ்போர்ட், ரூம் குடுப்பீங்களா எண்டு கேளுங்கோ. இரவு பதினொரு மணிக்கு மீனாட்சி அம்மன் கோயிலடியில பேக்கோட நிக்கிறதை விட இது லேசு.

5. விசா

கூகிளில தேடினால் மேல வாறது அரச சைட் மாதிரியே இருக்கிற பிரைவட் சைட்டுகள், விளம்பரம் குடுத்து மேல வாறது. அசோகச் சக்கரம், கோபுரம் எல்லாம் போட்டிருப்பினம், ரெண்டு மூண்டு மடங்கு காசு எடுப்பினம். உண்மையான சைட்டின்ர முகவரி கவ் டொட் இன் எண்டு முடியும். டொட் கொம், டொட் ஓர்க் எண்டால் மூடிப்போட்டு வாங்கோ.

டூரிஸ்ட் இ-விசா மூண்டு வகை: 30 நாள், ஒரு வருஷம், அஞ்சு வருஷம். இங்கதான் ஓடர் குழம்புறது. 30 நாள் விசாவுக்கு, போற நாளுக்கு 30 நாளுக்குள்ளதான் அப்ளை பண்ணலாம். ஒரு வருஷத்துக்கும் அஞ்சு வருஷத்துக்கும் 120 நாள் முன்னமே அப்ளை பண்ணலாம். மூண்டு மாசம் முன்னமே டிக்கெட் எடுக்க நினைக்கிற ஆக்களுக்கு 30 நாள் விசா சரிவராது, டிக்கெட்டுக்கு முதல் விசா கையில வராது. கட்டணத்தைப் பாத்துப்போட்டு, வருஷத்துக்கு ரெண்டாந்தரம் போற எண்ணம் இருந்தால் ஒரு வருஷத்தையே எடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

விசாக் கட்டணம் திரும்பி வராது, மறுத்தாலும் வராது. அப்பிடியிருந்தும் பிளேனுக்கு முதல் இதைச் செய்யச் சொல்றதுக்குக் காரணம், குடும்பத்தில ஒருத்தருக்கு விசா வராட்டி போற பிளேன் காசோட பாக்க விசாக் காசு சின்னன். ஃபோமில டிக்கெட் கேக்கிறதும் இல்ல, வாற திகதியும் இறங்கப்போற எயார்போர்ட்டும் மட்டும்தான். சென்னை, திருச்சி, மதுரை, கொச்சி, திருவனந்தபுரம் எல்லாம் இ-விசா லிஸ்டில இருக்கு.

ஃபோம் தொடங்கினவுடன ஒரு டெம்பரரி ஐடி நம்பர் வரும், அதை உடன எழுதுங்கோ. செஷன் அறுந்தால் அந்த நம்பரை வச்சுத்தான் விட்ட இடத்தில இருந்து தொடரலாம். எழுதாட்டி அப்பா அம்மா பிறந்த இடம் மட்டும் எல்லாத்தையும் திரும்ப அடிக்கவேணும். கைக்குழந்தைக்கும் தனி விசா, தனி ஃபோம்.

நாலு நாளுக்கு முதல் அப்ளை பண்ணினால் காணும் எண்டு சைட் சொல்லும், அதை நம்பி அவ்வளவுக்கு இழுக்காதேங்கோ, படம் சரியில்லை எண்டு திருப்பி அனுப்பினால் நேரம் இருக்காது. பதில் ஈமெயில் ஸ்பாமுக்குள்ள போகும், அதால சைட்டிலயே ஸ்டேட்டஸ் பாருங்கோ. கிராண்டட் எண்டு வந்தால்தான் விசா. காசு கட்டின ரிசீட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு விசா கிடைச்சிட்டுதெண்டு நிக்கிற ஆக்களும் இருக்கினம்.

30 நாள் விசாவில எக்ஸ்பயரி எண்டு ஒரு திகதி போட்டிருக்கும். அது உள்ள போறதுக்குக் கடைசி நாள். நீங்கள் நிக்கக்கூடிய 30 நாள் அங்க இறங்கின நாளில இருந்து எண்ணுப்படும். ஒரு வருஷ விசா அப்பிடி இல்ல, அது குடுத்த நாளில இருந்தே ஓடத் தொடங்கும்.

6. பிளேன் டிக்கெட்

கூகிள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர் மாதிரி இடத்தில தேடுங்கோ, ஆனா காசை ஏர்லைன்ர சொந்த சைட்டில கட்டுங்கோ. இடையில ஒரு புக்கிங் சைட் நிண்டால் திகதி மாத்தவோ ரிஃபண்ட் எடுக்கவோ போகேக்க ஏர்லைன் அவையக் கேள் எண்ணும், அவை ஏர்லைனைக் கேள் எண்ணுவினம். வித்தியாசம் ரெண்டு மூவாயிரம் ரூபா எண்டால் அந்தக் காசை அந்த நிம்மதிக்குக் குடுக்கலாம்.

அஞ்சு பேருக்குச் சேத்துத் தேட முதல் ஒருத்தருக்கு மட்டும் தேடிப் பாருங்கோ. ஒரே பிளேனில சீட்டுகளைப் பல விலையில பிரிச்சு வச்சிருப்பினம். மலிவு விலையில மூண்டு சீட் மட்டும் மிஞ்சியிருக்க நீங்கள் அஞ்சு கேட்டால், சிஸ்டம் அஞ்சையும் அடுத்த விலைக்குத் தூக்கிக் காட்டும். மூண்டு, ரெண்டு எண்டு பிரிச்சு எடுத்தால் மிச்சம் வரும். ஆனா ரெண்டு வேற பீஎன்ஆர் (புக்கிங் நம்பர்) ஆகிடும், பிளேன் நேரம் மாறினால் ரெண்டையும் தனித்தனியாப் பாக்கவேணும், வயது போனவையையும் பிள்ளையளையும் ஒரே பீஎன்ஆரில வச்சுக்கொள்ளுங்கோ.

நடுச்சாமப் பிளேன். ஆக மோசமான பிழை இதுதான். டிக்கெட்டில திங்கட்கிழமை 00.45 எண்டு இருந்தால் நீங்கள் வீட்டில இருந்து வெளிக்கிடுறது ஞாயிற்றுக்கிழமை இரவு. திங்கள் இரவு சாப்பிட்டுப்போட்டுக் கட்டுநாயக்காவுக்குப் போனால் பிளேன் அண்டு விடிய முதலே போயிட்டுது. நல்லகாலம் இந்தியாவுக்கும் எங்களுக்கும் ஒரே நேரம், அந்தக் கணக்காவது இல்ல. அப்பிடிப்பட்ட பிளேன் எண்டால் கலண்டரில வெளிக்கிடுற நாளைக் குறியுங்கோ, பறக்கிற நாளை இல்ல.

ஆகக் குறைஞ்ச விலை டிக்கெட்டில சில நேரம் செக்-இன் பேக் இருக்காது, கையில கொண்டுபோறது மட்டும்தான். திநகரில சாறி எடுக்கப் போறவைக்கு அது எப்பிடிக் காணும்? போறதுக்குக் குறைவாயும் வாறதுக்குக் கூடவும் பேக் எடுக்கலாம், முன்கூட்டியே ஒன்லைனில எடுத்தால் கவுண்டரை விட மலிவு.

ரெண்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை மடியில இருக்கலாம். ஆனா திரும்பி வாற நாளைக்கு ரெண்டு வயசு நிரம்பிட்டால் வாற பயணத்துக்கு சீட் எடுக்கவேணும்.

7. காசு கட்டுற பக்கம்

முதல் நாளே பேங்க் ஆப்பில போய் கார்ட்டுக்கு ஒன்லைன், வெளிநாட்டுப் பாவனை ரெண்டும் திறந்திருக்கெண்டு பாருங்கோ, லிமிட்டையும் பாருங்கோ. டெபிட் கார்ட்டில இது மூடித்தான் கிடக்கும் அநேகமா.

ரூபா எண்ட அடையாளத்தைக் கண்டு ஏமாறாதேங்கோ. இந்திய சைட்டில 6,000 ரூபா எண்டால் இந்திய ரூபா, எங்கட காசுக்கு மூண்டு மடங்குக்கு மேல. சென்னை ஹோட்டல் என்ன இவ்வளவு மலிவு எண்டு ஒரு அன்ரி மூண்டு ரூம் போடப் போனவ.

வெளிநாட்டு சைட் சில நேரம் எங்கட ரூபாவிலயே கழிக்கட்டோ எண்டு கேக்கும். அது அவையின்ர மாற்று விலை, பெரும்பாலும் எங்கட பேங்க் விலையை விடக் கூட. அந்த சைட்டின்ர சொந்தக் காசிலயே கட்டுங்கோ. அதுக்கு மேல பேங்க் தன்ர கட்டணமும் சேர்க்கும், ஸ்டேட்மென்ட்டில வாறது திரையில கண்டதை விடக் கொஞ்சம் கூடத்தான் வரும்.

கட்டேக்க திரை உறைஞ்சு நிண்டால் திரும்ப அமத்தாதேங்கோ. முதல்ல பேங்க் எஸ்எம்எஸ், பிறகு ஈமெயில், பிறகு ஏர்லைன் சைட்டில பீஎன்ஆர் போட்டுப் பாருங்கோ. காசு போய் டிக்கெட் வராட்டி அநேகமா பேங்க் அந்தக் காசை ஹோல்டில வச்சிருக்கும், பிறகு தானா விடுபடும், ஆனா நாள் எடுக்கும். அந்த நாளெல்லாம் டெபிட் கார்ட்காரருக்குக் கையில இருக்கிற காசு முடங்கிக் கிடக்கும், கிரெடிட் கார்ட்டெண்டால் லிமிட் மட்டும்தான் குறையும். இதுக்குத்தான் கிரெடிட் கார்ட்டைப் பாவிக்கச் சொல்றது.

8. அங்க ஓடுற ரயில்

பிளேன் உறுதியான பிறகுதான் இது. ஐஆர்சீடீசீ எண்ட இந்திய ரயில் புக்கிங் சைட்டில வெளிநாட்டு நம்பரோட அக்கவுண்ட் திறக்கலாம், சின்னக் கட்டணம் ஒண்டு எடுப்பினம். 2024 நவம்பரில இருந்து சாதாரண ரிசர்வேஷன் 60 நாள் முன்னம்தான் திறக்குது, முந்தி 120 நாள், பழைய யூடியூப் வீடியோவைப் பாத்துக்கொண்டு தேடினால் ரயிலே இல்லை எண்டு வரும்.

கடைசி நேரத்தில தட்காலில, அதாவது அவசர டிக்கெட் கோட்டாவில, எடுக்கலாம் எண்டு அங்க இருக்கிற சொந்தக்காரர் சொல்லுவினம். 2025 ஜூலையில இருந்து ஒன்லைன் தட்காலுக்கு ஆதார் எண்ட இந்திய அடையாள நம்பர் வேணும், எங்களிட்ட அது இல்ல. அதால அதை நம்பித் திட்டம் போடாதேங்கோ.

டபிள்யூஎல் எண்டு வந்தால் அது வெயிட்டிங் லிஸ்ட். சார்ட், அதாவது கடைசிச் சீட் லிஸ்ட், போட்ட பிறகும் எல்லாரும் வெயிட்டிங்கிலயே நிண்டால் ஒன்லைன் டிக்கெட் தானா கன்சலாகிடும், அதோட ரயிலில ஏறக்கூடாது. ஆர்ஏசீ எண்டால் ஏறலாம், பக்கவாட்டுப் படுக்கை ஒண்டை ரெண்டு பேர் பகிர்ந்து இருக்கவேணும்.

சென்னையில ஸ்டேஷன் ஒண்டில்ல. மதுரை, திருச்சிப் பக்கம் போற ரயில் கன எண்ணம் எழும்பூரில இருந்து, சிலது தாம்பரத்தில இருந்து. சென்ட்ரல் வேற இடம். டிக்கெட்டில எழும்பூர் எம்எஸ் எண்டும் சென்ட்ரல் எம்ஏஎஸ் எண்டும் போட்டிருக்கும். எயார்போர்ட்டில இருந்து மெட்ரோவில எழும்பூருக்குப் போகலாம், ஆலந்தூரில மாறவேணும், நாலு சூட்கேஸோட எண்டால் டாக்ஸியே பிடியுங்கோ.

9. கடைசிக் கிழமை

இந்தியாவுக்கு இ-அரைவல் கார்ட் எண்ட ஒண்டு 2025 ஒக்டோபரில இருந்து இருக்கு. இறங்கிறதுக்கு முன் 72 மணித்தியாலத்துக்குள்ள ஒன்லைனில நிரப்புறது, காசு இல்ல, காசு கேட்டால் அது கள்ள சைட். இது விசா இல்ல, விசாவுக்கு மேலதிகம்.

உங்கட சிம்முக்கு ரோமிங்கை கொழும்பில இருக்கேக்கயே ஒன் பண்ணுங்கோ, டேட்டாவை ஓஃப் பண்ணி வையுங்கோ. அங்க போய் கார்ட்டால கட்டினால் ஓடீபீ இந்த நம்பருக்குத்தான் வரும். இந்தியன் சிம்மை மாத்திப்போட்டு டயலொக் சிம்மைப் பர்ஸுக்குள்ள வச்சிருந்தால் ஓடீபீ எங்க வரும்? அங்கத்தை ஆப்புகள் கனக்க யூபீஐ எண்ட, போனால பேங்க்கில இருந்து நேர காசு கட்டுற முறையை நம்பி நடக்குது, எங்கட கார்ட்டை சிலது எடுக்காது, அதால முதல் ரெண்டு நாளுக்கு டாக்ஸி, சாப்பாட்டுக்குக் காணுற அளவு காசு எயார்போர்ட்டிலயே மாத்திக்கொள்ளுங்கோ.

விசா, டிக்கெட், ஹோட்டல் மூண்டையும் ஆளுக்கொரு செட் பிரிண்ட் எடுங்கோ. போன் சார்ஜ் இறங்கின நேரம் இமிக்ரேஷன் லைனில நிக்கேக்க பேப்பர்தான் உதவி. பிள்ளையளின்ர பிரிண்ட்டை அம்மாவிட்ட, அப்பாவிட்ட எண்டு பிரிக்காம ஒருத்தற்ற கையில வையுங்கோ, லைன் ரெண்டாப் பிரிஞ்சால் பிள்ளை நிக்கிற பக்கத்திலதான் அந்தப் பேப்பரும் நிக்கவேணும்.